விடை கண்டவரை எடுத்தோம், சிந்தித்தவரை அனுப்பிவிட்டோம்: நிரல் நேர்காணலில் நாம் எதை அளக்கிறோம்?

பதிவு 1 | அரைப்புள்ளி

எட்டு ஆண்டுகளாக நிரலாளர் நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்து வருகிறேன். போன வாரம் நடந்த ஒன்று இன்னும் மனத்தை அரிக்கிறது.

இருந்தது ஓர் இடம், வந்தவர்கள் இருவர், கேட்டது ஒரே கேள்வி. நேர்மறை எண்களும் எதிர்மறை எண்களும் கலந்த ஓர் அரே (எண்களின் வரிசை) கொடுப்போம். அதில் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து வரும் எண்களில் எந்தத் தொடர்ச்சிக்குக் கூட்டுத்தொகை மிக அதிகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். நேர்காணலுக்குப் படித்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான கணக்குதான்.

முதலில் வந்தவர் நான்கே நிமிடத்தில் ஒற்றை லூப்பில் (வரிசையை ஒரே முறை கடந்து செல்லும் சுழற்சியில்) முடித்துவிட்டார். இடையில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. "அந்தத் தொடர்ச்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும்" என்று கேள்வியைச் சற்றே திருப்பினேன். மீதி நேரம் முழுவதும் அதிலேயே கரைந்தது. எந்த வரி எதற்காக இருக்கிறது என்று அவரால் விளக்க முடியவில்லை.

இரண்டாமவர் எழுதுவதற்கு முன் கேட்டார்: "எல்லா எண்களும் எதிர்மறையாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? எதையும் எடுக்காமல் சுழியம் என்று சொல்லலாமா, ஓர் எண்ணையாவது எடுத்தாக வேண்டுமா?" பிறகு ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒவ்வொரு முடிவையும் பார்க்கும் இரட்டை லூப்பை எழுதினார். எழுதிய கையோடு, "பத்து லட்சம் எண்கள் வந்தால் ஏறக்குறைய ஐம்பதாயிரம் கோடிக் கூட்டல்கள் ஆகும். இதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றார். அதன்பின் அரேயை நடுவில் பிளந்தார். விடை இடப்பாதியில் இருக்கலாம், வலப்பாதியில் இருக்கலாம், இல்லையென்றால் நடுக்கோட்டைத் தாண்டிக் கிடக்கலாம் என்று வரைந்துகொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

நான் இரண்டாமவரை எடுக்கச் சொன்னேன். குழுவில் மற்ற மூவரும் மறுத்தார்கள். "விடை வரவில்லையே" என்பதுதான் காரணம். முதலாமவருக்கு வேலை கிடைத்தது.

இந்தக் கணக்கின் வரலாறு தெரிந்ததால்தான் எனக்கு வலிக்கிறது. 1977-இல் உல்ஃப் கிரெனான்டர் என்ற ஆய்வாளர், படங்களில் வடிவங்களைக் கண்டறியும் வேலையின்போது இந்தக் கேள்வியை எழுப்பினார். அவரிடம் இருந்தது மெதுவான வழி. அதைக் கேள்விப்பட்ட மைக்கேல் ஷாமோஸ் ஓர் இரவு யோசித்து, அரேயை இரண்டாகப் பிளந்து தீர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இதற்கு மேல் வேகமாகச் செய்ய முடியாது என்றுகூட நினைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு கருத்தரங்கில் இதைக் கேட்ட புள்ளியியலாளர் ஜே கடேன், ஒரு நிமிடத்துக்குள் ஒற்றை லூப் வழியைச் சொல்லிவிட்டார்.

நாங்கள் அனுப்பிவிட்டவர், ஷாமோஸ் ஓர் இரவில் கண்டுபிடித்ததை நாற்பது நிமிடத்தில் தொட்டுவிட்டார். அவருக்கு நாங்கள் கொடுத்த மதிப்பெண் சுழியம். கடேனின் வழியை முன்பே படித்து வைத்திருந்தவருக்கு முழு மதிப்பெண். சிக்கலைத் தீர்க்கும் திறனைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் உண்மையில் எதைப் பார்க்கிறோம்?


பதிவு 2 | கடைசி வரி

உங்கள் வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனால் இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து அல்காரிதம் (சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை) கேள்விகளையே தூக்கி எறிய வேண்டும் என்று யாராவது கிளம்புவதற்கு முன் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

2007-இல் இம்ரான் கோரி என்பவர் ஃபிஸ்பஸ் பற்றி எழுதியது இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஒன்றிலிருந்து நூறுவரை எண்களை அச்சிட வேண்டும். மூன்றின் மடங்குக்கு ஒரு சொல், ஐந்தின் மடங்குக்கு இன்னொரு சொல், இரண்டுக்கும் பொதுவானால் இரண்டு சொல்லும். அவ்வளவுதான். இதையே எழுதத் தடுமாறுகிறவர்கள் நிரலாளர் வேலைக்கு வருகிறார்கள் என்று அன்று அவர் எழுதியதை, பத்துப் பக்கச் சுயவிவரத்தோடு வந்தவர்களிடம் நானே நேரில் பார்த்திருக்கிறேன். வாயால் பேசும்போது மலையைப் புரட்டுவார்கள். ஒரு லூப் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

இன்னொன்று, எனக்கு இது சொந்த விஷயம். நான் பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவன் அல்லன். பரிந்துரைக்க ஆளும் இல்லை. என் முதல் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது, நேர்காணலில் நிரலை எழுதிக் காட்டச் சொல்லும் வெண்பலகை. அங்கே என் கல்லூரியின் பெயரை யாரும் கேட்கவில்லை. நான் எழுதிய நிரல் ஓடுமா என்று மட்டும் பார்த்தார்கள். அந்த அளவுகோலை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எது வந்து உட்காரும்? நன்றாகப் பேசுகிறவர், நமக்குத் தெரிந்தவர், நம் கல்லூரிக்காரர். அதைவிட இந்தக் கணக்கு ஆயிரம் மடங்கு நேர்மையானது.


பதிவு 3 | தனியறை

கடைசி வரி, உங்களுக்குக் கதவைத் திறந்த அதே வெண்பலகைதான் எனக்கு மூன்று முறை கதவைச் சாத்தியது.

தனியாக உட்கார்ந்தால் நான் அரைமணி நேரத்தில் தீர்க்கும் கணக்கு, முதுகுக்குப் பின்னால் இருவர் பார்த்துக்கொண்டிருந்தால் வருவதில்லை. கை நடுங்கும். கேள்வியில் என்ன கேட்டார்கள் என்பதே மறந்துவிடும். இது என் குறை என்று ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன்.

2020-இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேர். ஒரு பகுதியினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லியபடியே வெண்பலகையில் தீர்த்தார்கள். மற்றவர்கள் அதே கேள்வியை மூடிய அறையில் தனியாகத் தீர்த்தார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், பார்வைக்கு முன் தீர்த்தவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறையில் தீர்த்த பெண்கள் அனைவரும் தேறினார்கள்.

எண்ணிக்கை சிறியது என்று சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். பெண்களின் எண்ணிக்கை அதிலும் சிறியது. ஆனாலும் கேள்வி மாறவில்லை, ஆள் உட்கார்ந்த இடம் மட்டும் மாறியது. அப்படியானால் அந்த மதிப்பெண்ணில் எவ்வளவு நிரல் திறன், எவ்வளவு மேடைக்கூச்சம்? வேலையில் ஒரு நாளாவது யாராவது என் முதுகுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்றிருக்கிறார்களா?


பதிவு 4 | இடைமுகம்

அப்படியானால் கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமே. சொந்த இடம், சொந்தக் கணினி, நெருக்கடி இல்லை.


பதிவு 5 | தனியறை

நானும் அப்படித்தான் நினைத்தேன், இடைமுகம். ஒரு நிறுவனம் "நான்கு மணி நேர வேலை" என்று கொடுத்தது. எனக்கு இரண்டு சிறு பிள்ளைகள். அவர்கள் தூங்கிய பிறகு நான்கு இரவுகள் உட்கார்ந்தேன். நான்கு மணி நேரத்தில் முடித்ததை அனுப்பினால், வாரம் முழுவதும் செதுக்கியவரோடு ஒப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அனுப்பிய பிறகு ஒரு வரிப் பதிலும் வரவில்லை. யாராவது திறந்து பார்த்தார்களா என்பதுகூடத் தெரியாது.

இப்போது அந்த நான்கு மணி நேர வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடுகிறது. ஆகவே எழுதி அனுப்பியதை மட்டும் வைத்து முடிவு செய்வதற்கு இனி இடமே இல்லை. அதை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாவது பேச வேண்டும். பேசுவதென்றால் மறுபடியும் நேர்காணல்தான்.


பதிவு 6 | சுழியம்முதல்

நான் கேள்வி பற்றிப் பேசுகிறேன். புதுக் கேள்வி தேட வேண்டியதில்லை. பழைய கேள்வியிலேயே தோண்டிப் பார்க்க நிறைய இருக்கிறது. நாம்தான் விடை வந்ததும் கையை உதறிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

பைனரி சர்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்திய பட்டியலில் நடுவில் பார்ப்பது, பெரிதா சிறிதா என்று கேட்பது, பாதியைத் தள்ளுவது. குழந்தைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். இந்த முறை முதன்முதலில் அச்சில் வந்தது 1946-இல். எல்லா அளவுப் பட்டியலுக்கும் பிழையில்லாமல் வேலை செய்யும் வடிவம் அச்சில் வந்தது 1962-இல் என்று கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் எழுதியிருக்கிறார். இடையில் பதினாறு ஆண்டுகள்! ஜான் பென்ட்லி தொழில்முறை நிரலாளர்களுக்கு நடத்திய வகுப்புகளில் இதைக் கொடுத்து, இரண்டு மணி நேரம்வரை அவகாசமும் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலோரின் நிரலில் பிழை இருந்தது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2006-இல் ஜோஷுவா பிளாக், ஜாவா நிரல் மொழியின் சொந்த நூலகத்தில் (மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பில்) தானே எழுதிய பைனரி சர்ச்சில் பிழை இருந்ததாக வெளிப்படையாக எழுதினார். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பிழை. தாழ்ந்த எல்லையையும் உயர்ந்த எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் காண்கிறோம் அல்லவா, அந்தக் கூட்டலில்தான் கோளாறு. அங்கே எண்களை வைக்கும் 32 பிட் (32 இருமை இலக்க) முழு எண்ணில் 2,147,483,647 வரைதான் கொள்ளும். பட்டியலில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால் இரண்டு எல்லைகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டி, எதிர்மறை எண்ணாகப் புரண்டுவிடும். வித்தியாசத்தை இரண்டால் வகுத்துத் தாழ்ந்த எல்லையோடு சேர்த்தால் சரியாகிவிடும்.

நான் நேர்காணலில் இதை எழுதச் சொல்வதில்லை. பிழையோடு எழுதிய இருபது வரி நிரலைக் கொடுத்து, "இதை உங்கள் நண்பர் எழுதியிருக்கிறார், படித்துப் பாருங்கள்" என்கிறேன். அந்தக் கூட்டல் பிழையைக் கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. அது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் காலிப் பட்டியல் கொடுத்துப் பார்க்கிறாரா, ஒரே உறுப்பு இருந்தால் லூப் நிற்குமா என்று விரலை வைத்து நடந்து பார்க்கிறாரா, தேடும் எண் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறாரா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நாம் நாள் முழுவதும் செய்வது பிறர் எழுதியதைப் படிப்பதுதானே.


பதிவு 7 | கடைசி வரி

படிக்கச் சொல்வது நல்ல யோசனை, நானும் செய்து பார்க்கிறேன். ஆனால் ஒரு நெருடல். "விரலை வைத்து நடந்து பார்க்கிறாரா" என்பதற்கு நீங்கள் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? நான் எத்தனை போடுவேன்? விடை சரியா தவறா என்பதில் சண்டை வராது. "நன்றாகச் சிந்தித்தார்" என்பதில்தான் பிடித்தவருக்குக் கூட்டுவதும் பிடிக்காதவருக்குக் குறைப்பதும் நுழையும். என் பயம் அதுதான். அரைப்புள்ளி, அந்த இரண்டாமவர் உங்களைப் போலவே பேசினார் என்பதால் உங்களுக்குப் பிடித்ததா என்று உங்களை நீங்களே கேட்டுப் பார்த்தீர்களா?


பதிவு 8 | அரைப்புள்ளி

கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். முழுமையாக இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

ஆனால் நீங்கள் காட்டிய நோய்க்கு மருந்து விடையை மட்டும் பார்ப்பது அல்ல என்று நினைக்கிறேன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளில் எது பின்னாளைய வேலைத் திறனை எவ்வளவு சரியாக முன்கூட்டிச் சொல்கிறது என்பதைப் பற்றி உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். 1998-இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 2022-இல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் திருத்திப் பார்த்தபோது பல முறைகளின் மதிப்பு கீழே இறங்கியது. ஆனால் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.42 என்று பட்டியலின் தலைக்கு வந்தது. வேலையையே செய்து காட்டச் சொல்லும் சோதனை 0.33. கட்டமைப்பு இல்லாத நேர்காணல் வெறும் 0.19. (இது தொடர்புக் கெழு, ஒன்று என்றால் முழுப் பொருத்தம், சுழியம் என்றால் தொடர்பே இல்லை.) நிரலாளர்களுக்கென்று செய்த ஆய்வு அல்ல, எல்லா வேலைகளுக்கும் பொதுவானது. அதை மறைக்கவில்லை.

கட்டமைப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே கூடுதல் கேள்வி, எதைச் செய்தால் எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிவைத்த தாள். ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் அவரவர் மதிப்பெண்ணைப் போட்டுவிட வேண்டும். எங்கள் குழுவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறேன். தாள் இல்லை. மூத்தவர் முதலில் வாயைத் திறந்து "விடை வரவில்லையே" என்றார். அதற்குப் பிறகு மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள். 0.19 என்பது எப்படி இருக்கும் என்று நான் நேரில் பார்த்துவிட்டேன்.

கூகுளில் ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ போக்கும் 2013-இல் இதைச் சொன்னார். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்கள் முழு நேர விரயம், அவை எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கேட்பவருக்குத் தன்னைப் பற்றிப் பெருமிதம் தருவதுதான் மிச்சம் என்று. வழி முன்பே தெரிந்தால்தான் தீரும் அல்காரிதம் கேள்வியும் அந்தப் புதிரின் உறவுதான் என்பது என் கருத்து.


பதிவு 9 | புதுவரவு

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இந்த ஆண்டு படிப்பை முடிக்கிறேன். லீட்கோட் என்ற நிரல் பயிற்சித் தளத்தில் முந்நூறு கணக்குகள் போட்டிருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் அவ்வளவும் வீணா என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் என் முதல் நேர்காணல். நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?


பதிவு 10 | சுழியம்முதல்

வீண் இல்லை தம்பி. ஆனால் முந்நூறை அறுநூறாக்க வேண்டாம். போட்ட கணக்குகளில் முப்பதை எடுத்து, எதிரில் ஒருவரை உட்காரவைத்து, ஏன் இந்த வழி, வேறு வழி ஏன் இல்லை என்று வாய்விட்டு விளக்கிப் பழகு. உடன் படிப்பவர் யாராவது போதும். தனியறை சொன்ன நடுக்கம் ஒரே நாளில் போகாது, ஆனால் பழகப் பழகக் குறையும்.

கேள்வியைக் கேட்டதும் எழுதத் தொடங்காதே. உள்ளீடு எவ்வளவு பெரியது என்று கேள். அந்த ஒரு பதிலே பாதி வழியைக் காட்டிவிடும். கணினி ஒரு நொடியில் ஏறக்குறைய பத்துக் கோடி எளிய செயல்களைச் செய்யும் என்று தோராயமாக வைத்துக்கொள். இருபது உறுப்புகள்தான் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்துவிடலாம், பத்து லட்சம் சொச்சம்தான் வரும். ஆயிரம் உறுப்புகள் என்றால் இரட்டை லூப் தாங்கும். ஒரு லட்சம் என்றால் இரட்டை லூப் ஆயிரம் கோடியைத் தொடும். வரிசைப்படுத்துவது, ஹாஷ் டேபிள் (தேடுவதை உடனே எடுத்துத் தரும் அட்டவணை), பாதி பாதியாகப் பிளப்பது என்ற பக்கம் போக வேண்டும்.

ஐந்தாறு உறுப்புகள் கொண்ட சின்ன எடுத்துக்காட்டைக் கையால் போட்டுப் பார். பிறகு மெதுவான வழியை முதலில் சொல். அதற்கு வெட்கப்படாதே, சரியாக ஓடும் மெதுவான நிரல், ஓடாத வேகமான நிரலைவிட மேல். எங்கே மெதுவாகிறது, எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்று தேடினால் வேகமான வழி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.


பதிவு 11 | தனியறை

புதுவரவு, இன்னும் ஒன்று. முன்பே போட்ட கணக்கைக் கேட்டால், "இதை நான் முன்பு தீர்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். புதிதாகக் கண்டுபிடிப்பது போல நடிப்பவர் எதிரில் இருப்பவருக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிவார். பதற்றம் வந்தால், "இரண்டு நிமிடம் பேசாமல் யோசிக்கட்டுமா?" என்று கேளுங்கள். நான் நாலாவது நேர்காணலில்தான் அதைக் கேட்கத் துணிந்தேன். அவர் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது விடை பலகையில் இருந்தது. இன்றுவரை அந்தக் குழுவில்தான் வேலை செய்கிறேன்.


பதிவு 12 | கடைசி வரி

தனியறை, வெண்பலகை ஆய்வு பற்றிய உங்கள் பதிவைப் படித்த பிறகு நானும் ஒன்றை மாற்றினேன். கேள்வியைக் கொடுத்ததும் பதினைந்து நிமிடம் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன். திரும்பி வந்து, எழுதியதை விளக்கச் சொல்கிறேன். இரண்டு பேரோடுதான் செய்திருக்கிறேன், அதனால் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன்.

விடை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் நாற்பது மதிப்பெண் விடைக்கு, அறுபது மற்றவற்றுக்கு என்று தாளில் எழுதியிருந்தால் என்னால் கையெழுத்துப் போட முடியும். குறிப்பு கொடுத்தால் அதையும் தாளில் எழுத வேண்டும். எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லில் என்பதுவரை. ஒருவருக்குக் கையைப் பிடித்து இழுத்துவிட்டு இன்னொருவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


பதிவு 13 | அரைப்புள்ளி

கடைசி வரி சொன்ன நாற்பது–அறுபதையே எங்கள் குழுவில் வைத்தேன். குறிப்புகளுக்கான கட்டத்தையும் சேர்த்தேன். அனுப்பிவிட்டவரைத் திரும்ப அழைக்க முடியுமா என்றும் கேட்டேன். முடியாது என்றார்கள், அந்த இடம் நிரம்பிவிட்டது. அவருக்கு நானே எழுதி, அவருடைய வழி எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதைச் சொன்னேன். அடுத்த இடம் திறந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

புதிய தாளை வைத்து நேற்று முதல் நேர்காணலை நடத்தினோம். பேசுவதற்கு முன் நால்வரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, தாள்களைத் திருப்பி வைத்தோம். எல்லா வரிசைகளும் ஏறக்குறைய ஒத்துப்போயின, ஒன்றைத் தவிர. "தெளிவில்லாத இடங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்தினார்" என்ற வரிசையில் நான் பத்துக்கு ஒன்பது, மூத்தவர் இரண்டு.

ஏன் என்று கேட்டேன். "எட்டுக் கேள்வி கேட்டார், அவருக்கு ஒன்றுமே புரியவில்லை என்றுதானே பொருள்?" என்றார் அவர், உண்மையான வியப்போடு. இத்தனை ஆண்டுகளாக ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே ஆளைப் பார்த்து, நாங்கள் இருவரும் நேரெதிராகப் படித்து வந்திருக்கிறோம். தாள் இல்லாமல் இருந்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. ஒரு மணி நேரம் பேசினோம். அவர் தன் மதிப்பெண்ணை மாற்றவில்லை. ஆனால் அந்த வரிசையின் கீழே எப்படிப்பட்ட கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று எடுத்துக்காட்டுகளோடு எழுத ஒப்புக்கொண்டார். முதல் வரைவை அவரே எழுதுகிறார், திங்கட்கிழமை கொண்டுவருகிறார்.